ஹைதராபாத்தில் படித்தவர்களின் பாத்தியதை

செகந்திராபாத்தின் ரயில்வே குடியிருப்புகளிலும் கன்டோன்மென்ட் வீதிகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை இன்டர்மீடியட் வகுப்பை எட்டும் தருணத்தில் எழுகிற பெருங்கவலை, தாய்மொழி தெலுங்கல்லாத தமக்குத் தெலங்கானாவின் அரசு சர்வகலாசாலைகளில் இடம் உண்டா என்பதுதான். அந்தக் கவலைக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. 1969இலும் 1972இலும் மூண்ட பிரதேசக் கிளர்ச்சிகளைத் தணிக்க 1973இல் ஆறு அம்சத் திட்டம் உருவாகி, அரசியல் சாசனத்தில் 371டி என்னும் ஷரத்தும் சேர்ந்த பின்னர், 1974இல் பிறந்த ஜனாதிபதி உத்தரவானது, நூற்றுக்கு 85 இடங்களை உள்ளூர் மாணவருக்கென்று ஒதுக்கியபோது, மொழியையோ பூர்வீகத்தையோ அளவுகோலாகக் கொள்ளாமல், தகுதித் தேர்வு வரையில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்தந்தப் பகுதியில் படித்திருப்பதையே பொதுவிதியாக வைத்தது. ஓர் ஊரில் வளர்ந்த பிள்ளை அவ்வூருக்கே உரியவன் என்று ஒப்புக்கொள்ளும் இவ்விதியை நான் மனமார மதிக்கிறேன்.

ஆகவே, நல்ல பயிற்சி கிடைக்குமென்று எண்ணிப் பதினொன்றாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பும் பெற்றோர், கையிலிருக்கும் பாத்தியதையைத் தாமே நழுவவிடுகிறார்கள். அந்த நான்கு ஆண்டுகளுக்கும் சாட்சி, பள்ளிகள் கொடுக்கும் ஸ்டடி சர்டிபிகேட். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியே வாங்க வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இனிஷியலாக எழுதும் நம் வழக்கமும், வீட்டுப் பெயரை முழுமையாக எழுதும் தெலுங்கர் வழக்கமும் வெவ்வேறாகையால், பத்தாம் வகுப்பு மெமோவில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் பெயர் பதிந்துவிடக்கூடும். அதைச் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் கண்டு திகைப்பதைவிட, முன்னதாகவே திருத்திக்கொள்வது நலம்.

பொறியியல் பிரவேசத்துக்கு, முன்பு எம்செட் என்று வழங்கி இப்போது ஈஏபிசெட் என்று பெயர் மாறியிருக்கும் தேர்வை எழுத வேண்டும். மூன்று மணி நேரத்தில் 160 வினாக்கள். அவற்றில் பாதி, அதாவது 80, கணிதம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆயினும் தேர்வில் வென்றவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அது, கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி இணையத்தில் பதியும் வெப் ஆப்ஷன். தனக்குக் கிடைக்காது என்று தானே தீர்மானித்துக்கொண்டு, 1929இல் தொடங்கிய உஸ்மானியாப் பொறியியல் கல்லூரியையும் குகட்பல்லியிலுள்ள ஜேஎன்டியூ கல்லூரியையும் பட்டியலில் கீழே தள்ளி, ரேங்குக்கு ஏற்றதென்று அயலார் சொல்லும் தனியார் கல்லூரியை மேலே வைத்துவிட்டால், கணினி அந்த வரிசைப்படியே இடத்தை ஒதுக்கிவிடும். விரும்பியதை முதலில் எழுதுவதால் அடுத்தது கைவிட்டுப் போவதில்லை. மேலும், அரசு கட்டணத்தை ஈடுசெய்யும் திட்டம் தனியார் கல்லூரிகளுக்கும் உண்டெனினும், அந்தத் தொகை நிலுவையாக நிற்கும் காலங்களில் அலைச்சல் மாணவருக்கே வந்து சேர்கிறதாகையால், ஆரம்பத்திலேயே கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியை நாடுவதே எளிய குடும்பத்துக்குப் பத்திரமானது என்பேன்.

பொறியியல் ஒன்றே கல்வியன்று. 1918இல் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான், உருதுவைப் போதனாமொழியாகக் கொண்டு நிறுவிய உஸ்மானியாவின் கீழுள்ள கல்லூரிகளில் பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. படிப்புகளுக்கு, 2016 முதல் தோஸ்த் என்னும் ஒரே இணையவழி விண்ணப்பம் போதும். நுழைவுத் தேர்வில்லை, இன்டர்மீடியட் மதிப்பெண்ணே கணக்கு.

முதலில் சொன்ன ஆறு அம்சத் திட்டத்தின் மற்றொரு கனியான ஹைதராபாத் மத்திய சர்வகலாசாலை, 1974இல் கவிஞர் சரோஜினி நாயுடுவின் இல்லமாயிருந்த கோல்டன் த்ரெஷோல்டில் தொடங்கிப் பின்னர் கச்சிபௌலிக்குச் சென்றது. அங்கே உள்ளூர் ஒதுக்கீடு கிடையாது. முதுகலைப் படிப்புகள் பலவற்றுக்கு சியூஇடி என்னும் பொது நுழைவுத் தேர்வை எழுதித் தஞ்சாவூர் மாணவனும் செகந்திராபாத் மாணவியும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை வெளிமாநிலத்தில் முடித்திருந்தாலும், இருப்பிடச் சான்றிதழைக் காட்டித் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே கணக்கு. அச்சான்றிதழ் பூர்வீக ஊரின் தாலுகா வழியே கிடைக்க வேண்டியதாகையால், தேர்வு முடிவு வந்த பிறகு ஓடாமல், பதினொன்றாம் வகுப்பின் கோடை விடுமுறையிலேயே ஒருமுறை ஊருக்குப் போய் விண்ணப்பித்து வருவது உத்தமம்.