பேரேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது?

நம் சங்க உறுப்பினர்கள் பலர் இன்று ஆர்டர் எடுப்பது, பில் போடுவது, பற்று வரவு பார்ப்பது எல்லாவற்றையும் இணையம் வழியாகவே செய்கிறார்கள். புரோகிராம் எழுதித் தருபவரிடம் ஜி.எஸ்.டி. எப்படிப் பிரியும் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். நம் கணக்கு எங்கே இருக்கிறது, எந்தச் சாவியால் திறக்கிறது என்று கேட்பதில்லை.

எங்கள் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு எழுதித் தந்தவர் வெளியூர் போய்விட்டார். சர்வர் வாடகையும் அவர் பெயரில், பாஸ்வேர்டும் அவரிடம். ஒரு நாள் புரோகிராம் நின்றது. கடன் பாக்கி முழுவதும் உள்ளே. வாடிக்கையாளர் சொன்ன தொகையையே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

எங்கள் பருப்பு மண்டி புரோகிராம் ஜாங்கோ என்ற அமைப்பில் எழுதியது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005-ல் எல்லோருக்கும் இலவசமாக வெளிவந்தது அது. புரோகிராமைக் கணக்குப்பிள்ளை என்றும், டேட்டாபேஸைப் பேரேடு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இணைப்பது செட்டிங்ஸ் கோப்பில் உள்ள சில வரிகளே. டேட்டாபேஸின் வகை, பெயர், யூசர், பாஸ்வேர்டு, அது இருக்கும் கம்ப்யூட்டரின் முகவரி, போர்ட் எண் ஆகியவை அதில் இருக்கும். போர்ட் எண், போஸ்ட்கிரெஸ் என்றால் வழக்கமாக 5432. மைஎஸ்கியூஎல் என்றால் 3306.

புதிதாகத் தொடங்கும்போது ஜாங்கோ தானாக வைத்துத் தருவது எஸ்கியூலைட். மொத்தக் கணக்கும் ஒரே கோப்பில் அடங்கும், பாஸ்வேர்டு கிடையாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஒற்றைக் கல்லா உள்ள கடைக்குப் போதும். தீபாவளி வாரத்தில் நாலு பேர் ஒரே சமயத்தில் பில் போட்டால் 'பூட்டியிருக்கிறது' என்று சொல்லி மறுத்துவிடலாம். அத்தகைய கடைகள் போஸ்ட்கிரெஸுக்கு மாறுவதே நல்லது.

முக்கியமானது பாஸ்வேர்டு. சிலர் அதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி விடுகிறார்கள். புரோகிராம் நாலு பேர் கைக்குப் போகும்; பாஸ்வேர்டும் கூடவே போகும். அதைச் சர்வரில் தனியாக வைத்து, ஓடும்போது மட்டும் எடுத்துக்கொள்ளச் செய்யலாம். என்விரான்மென்ட் வேரியபிள் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். யூசரும் சர்வாதிகாரம் உள்ளவராக இருக்கக் கூடாது. நம் ஒரு டேட்டாபேஸை மட்டும் தொடும் உரிமை போதும். சோதனை பார்க்க வேறு டேட்டாபேஸ் கேளுங்கள். இல்லையேல் பொய் பில்கள் நிஜக் கணக்கில் ஏறும்.

இன்னொன்று, ஜாங்கோ சாதாரணமாக ஒவ்வொரு கோரிக்கை முடிந்ததும் இணைப்பை மூடிவிடும். ஒவ்வொரு மூட்டைக்கும் கிட்டங்கியைத் திறந்து பூட்டுவது போல. கான் மேக்ஸ் ஏஜ் என்பதில் 60 என்று கொடுத்தால் ஒரு நிமிடம் வரை அதே இணைப்பைப் பயன்படுத்தும். ஆனால் போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 100 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். கணக்குப் பார்த்தே வைக்க வேண்டும்.

கடைசித் தவணை கொடுக்கும் முன் இந்த விவரங்களை எழுதி வாங்கி இரும்புப் பெட்டியில் வையுங்கள். எழுதியவர் விலகினால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். டேட்டாபேஸில் மாற்றிய கையோடு சர்வரிலும் மாற்றி, புரோகிராமை மறுபடி ஓட்ட வேண்டும். கடை அடைத்த பிறகு செய்தால் வியாபாரம் நிற்காது.