தோணிக்கு வைத்தியம்

பதுளையிலிருந்து இறங்கி வரும் நெடுஞ்சாலை திருகோணமலை வீதியோடு கூடுமிடம் செங்கலடி. பேருந்துக்கும் பாரவண்டிக்கும் அங்கே குறைவில்லை. ஆயினும் இப்பகுதியின் பழைய வீதி தாரிட்டதன்று. வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பக்கத்தில் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம்வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியே அது. எழுவான்கரை மக்களையும் படுவான்கரை மக்களையும் உறவாக்கியது தோணி. குருமண்வெளித் துறையில் தோணியேறி மண்டூர் முருகனை வழிபடச் சென்ற தலைமுறைகள் எத்தனையோ!

ஆழமில்லாத களப்பு என்ற பொருளிலேயே மட்டக்களப்பு என்னும் பெயர் வந்ததென்பர். அத்தகைய நீருக்கு அடிப்பாகம் தட்டையாய், ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணி பொருத்தமானது. முழங்கால் அளவு நீரிலும் கோலூன்றிச் செல்லலாம். சேறு தட்டினால் இறங்கித் தள்ளலாம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் நிவாரணமாக வந்து குவிந்தன. அவை பாரங் குறைந்தவை, கறையானுக்கு அஞ்சாதவை. அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மரத்தோணியில் ஒரு வெடிப்புக் கண்டவுடன் அதனை விறகென்று தள்ளிவிடும் மனப்பான்மையும் கூடவே வளர்ந்தது. பலா போன்ற மரத்தைத் தறிக்கச் சட்டப்படி அனுமதி பெறவேண்டிய இந்நாளில், தோணிக்குப் போதிய பருமனுள்ள மரம் எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் இருக்கும் தோணியைச் செப்பனிடத் தெரியாதவன் அத்தோணியை இழந்தவனே ஆவான்.

தோணியைக் கெடுப்பது பெரும்பாலும் மழைநீர். இது கேட்போர்க்கு வியப்பாயிருக்கும். உப்புநீரில் மரத்தை அழிக்கும் பூசணம் எளிதில் வளராது. கரையில் மல்லாந்து கிடக்கும் தோணியின் வயிற்றில் மாரி மழை தேங்கி, நாட்கணக்கில் ஊறுமானால் அழுகல் தொடங்கிவிடும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்குமாயின் பூசணம் வளராது. முற்றாக நீருள், காற்றுப்படாது அமிழ்ந்த மரமும் அழுகாது. 1955இல் நெதர்லாந்தின் பெஸ்ஸே என்ற ஊருக்கருகில் வீதி அமைக்கும்போது வெளிப்பட்ட பைன்மரத் தோணி சுமார் 10,000 ஆண்டுகள் பழையது. சேறே அதனைக் காத்தது. நனைவதும் காய்வதுமாயிருக்கும் இடைநிலைதான் ஆபத்தானது. ஆகவே தோணியைக் கரையேற்றினால் கவிழ்த்து, இரண்டு குற்றிகளின்மேல் வைப்பதே முதல் வைத்தியம்.

உப்பேறிய நீரில் வேறொரு பகையுண்டு. மரந்துளைக்கும் கப்பற்புழு என்பர். உண்மையில் அது சிப்பி இனத்தது. குண்டூசித் துளை வழியே குஞ்சாக உட்புகுந்து, உள்ளேயே வளர்ந்து மரத்தைச் சல்லடையாக்கும். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. கொட்டாப்புளியால் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். கெட்ட மரம் மந்தமாகப் பேசும்.

திருத்த வேலைக்கு உகந்த காலம் கச்சான் காற்று வீசும் கோடை. ஆனால் அவ்வெயிலில் தோணியை நேரே காயவிடலாகாது. மரத்தின் தலைப்பக்கம் விரைந்து உலர்ந்து பிளந்துவிடும். நன்னீரால் உப்பைக் கழுவி, கிடுகு வேய்ந்த நிழலில் மெல்ல உலர்த்தவேண்டும். பின்னர் வாய்ச்சியாலும் உளியாலும் அழுகலைச் சுரண்டி, உறுதியான மரம் தோன்றும்வரை போகவேண்டும். கைவேலைக்காரருக்கு இங்கேதான் மனத்திடம் வேண்டும். துளை பெரிதாகிறதே என்று அஞ்சிப் பாதியில் நிறுத்துவோரே பலர். எஞ்சிய அழுகல் ஒட்டின் அடியிலிருந்து மீண்டும் பரவும்.

ஒட்டுப் பலகை அதே இன மரமாக, அதன் இழை தோணியின் இழையோடு ஒத்துச் செல்வதாக அமையவேண்டும். வேற்று மரம் வேறு அளவில் சுருங்கி விரிந்து பொருத்தைப் பிளக்கும். நீண்ட வெடிப்பானால் குறுக்கே உடுக்கு வடிவில் கட்டை பதித்து அதன் ஓட்டத்தைத் தடுக்கலாம். இரும்பாணி துருவேறி, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் அரித்துக் கருக்கும், செப்பாணி மேலானது. இடைவெளியில் தும்பைத் திணித்து, எண்ணெயில் உருக்கிய குங்கிலியம் பூசுவது பழைய கலப்பற்று முறை. அதிலும் ஒரு நுட்பம்: உலர்ந்த தோணியில் தும்பை இறுகத் திணிக்கக்கூடாது. நீரில் மரம் உப்பும்போது அத்தும்பே ஆப்பாகி வெடிப்பை அகற்றும்.

மெருகு குறித்தும் ஒரு சொல். பளபளக்கும் எனாமல் வர்ணம் கண்ணுக்கு அழகுதான். ஈரம் உலராத மரத்தின்மேல் அதனைப் பூசுவதும், கண்ணாடியிழைத் துணியைப் பிசினால் ஒட்டி மூடுவதும் உள்ளிருக்கும் ஈரத்தைச் சிறையிடுவதாகும். மரம் நீரைக் குடித்து அசையும், பிசின் அசையாது. இரண்டுக்குமிடையே விரிசல் பிறந்து, மறைவில் அழுகல் நடக்கும். இலுப்பை எண்ணெயோ புன்னை எண்ணெயோ இளஞ்சூட்டில் தடவி, மரம் குடிக்க மறுக்கும்வரை நாள்விட்டு நாள் பூசுவது மெதுவான வேலை. ஆனால் அடுத்த ஆண்டு அதன்மேலேயே மீண்டும் பூசலாம், சுரண்டவேண்டியதில்லை.

கொட்டாப்புளியின் ஒலி வேறுபாட்டையும், தும்பு கொள்ளவேண்டிய தளர்வையும் ஏட்டில் கற்க முடியாது. வந்தாறுமூலையில் 1986 முதல் கிழக்குப் பல்கலைக்கழகம் செங்கலடிக்கு அயலிலேயே இயங்குகிறது. மாணவர் சிலர் ஒரு கோடை முழுவதும் திருத்தும் இடத்தில் அமர்ந்து, கைவினைஞரின் சொற்களையும் செயல்முறையையும் குறித்தெடுப்பாராயின் அது நல்லதோர் ஆராய்ச்சியாகும்.

வேலை முடிந்த தோணியை நீரிலிட்ட முதல் நாள், பொருத்துக்களில் நீர் கசிவதைக் கண்டு புதியவர் கலங்குவர். அதனை அவ்வாறே கரையோரம் கட்டி, இரண்டொரு நாள் ஊறவிடவேண்டும். மரம் உப்பிப் பொருத்துக்கள் தாமாக இறுகியபின் உட்புக்க நீரை இறைத்து, வலையை ஏற்றலாம்.