ஆக்கியோன் யார்?

ஆக்கவுரிமை என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். புதியது கண்டவன் தன் இரகசியத்தை உலகறிய வெளியிடுகின்றான். கைம்மாறாக அரசு அவனுக்கு 20 ஆண்டுவரை தனியுரிமை வழங்குகின்றது. இயந்திரமே புதியது காணின், ஆக்கியோன் யார்?

அமெரிக்கரான ஸ்டீபன் தேலர், உணவுக் கொள்கலம் ஒன்றையும் ஆபத்து விளக்கு ஒன்றையும் கண்டது ‘டாபஸ்’ என்னும் தமது செயற்கை நுண்ணறிவே எனப் பல நாடுகளில் விண்ணப்பித்தார். 2021இல் தென்னாபிரிக்கா அதனைப் பதிவு செய்தது. 2022இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமும், 2023இல் பிரித்தானிய உயர் நீதிமன்றமும், சட்டப்படி ஆக்கியோன் மனிதனே என மறுத்தன.

சட்டத்தின் சொல்லுக்கு அது பொருத்தமே. ஆயினும் என் உள்ளம் அமைதியுறவில்லை. இயந்திரம் கண்டதைத் தனதென்று கையொப்பமிடுபவன் பெறக்கூடியதை, உள்ளதை உரைத்தவர் இழந்தார் அன்றோ? வாய்மைக்கு இடமளிக்கப் பாராளுமன்றங்களே முன்வருதல் வேண்டும்.