கம்பி ஏன் தோட்டத்துக்கு வரவில்லை?

பினாங்கின் சுங்கை பாக்காப் கடைத்தெருவில் தொலைபேசி மணி அடித்த காலத்தில், சுற்றியிருந்த தோட்ட லயங்களில் அந்தச் சத்தமே அபூர்வம். ஏன்?

100 பேரைத் தொலைபேசியில் நேரடியாக இணைக்க 4,950 கம்பித்தடங்கள் வேண்டும். நடுவில் ஓர் இணைப்பகம் இருந்தால் 100 போதும். ஆனால் அந்த நூறும் வீட்டுக்கு வீடு தனித்தனி செப்புக்கம்பி ஜோடி. ரிசீவரை எடுத்ததும் மின்சுற்று பூர்த்தியாகி, இணைப்பகத்தின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடும். யாரோ பேச வருகிறார் என்று அங்கே தெரிவது அதனால்தான். கம்பி நீள நீள மின்தடை கூடும், குரல் மங்கும். அடுக்குமாடிக்குப் போகும் ஒரே கேபிள் நூறு வீட்டுக்கு உதவும். ரப்பர் காட்டுக்குள் அதே செலவில் பத்து வீடு தேறினால் பெரிது. ஜார்ஜ்டவுன் நகரம் முந்தியது இந்தக் கணக்கால்தான். 1987இல் அரசாங்கத் தொலைத்தொடர்புத் துறை நிறுவனமாக மாறியபோதும் செம்பின் விலை இறங்கிவிடவில்லையே!

கணக்கை மாற்றியது வானலை. மலேசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவை 1985இலேயே வந்துவிட்டது. கருவியோ கனம், விலையோ வசதிக்காரர்களுக்கு மட்டும். வழிமுறைதான் முக்கியம்: ஒரு கோபுரத்தின் சில அலைவரிசைகளைப் பலரும் மாறிமாறிப் பயன்படுத்தலாம். ஒருவர் பேசி முடித்ததும் அதே அலைவரிசை அடுத்தவருக்கு. வீட்டுக்கு வீடு கம்பி இழுக்கும் வேலையே இல்லை. பிறகு கருவி மலிந்ததும், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வீட்டு போனைத் தொடாமலேயே கைத்தொலைபேசிக்குத் தாவினார்கள்.