மில்லிமீட்டருக்கு 400 துடிப்புகள்

வீட்டுப் பட்டறைகளில் மரத்தையும் அக்ரிலிக்கையும் செதுக்கும் சிறிய சிஎன்சி எந்திரங்களைப் பெரும்பாலும் நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார்தான். வழக்கமான மோட்டார் ஒரு சுற்றை 200 ஸ்டெப்களில் முடிக்கும், ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி. மோட்டாரை இயக்கும் மின்சுற்றான டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 கூறாக்கினால், சுற்றுக்கு 3,200 மின்துடிப்புகள் தேவை. சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத்தண்டு என்றால், மில்லிமீட்டருக்கு 400. ஜிஆர்பிஎல் போன்ற மென்பொருளில் இந்த எண்ணைப் பதிய வேண்டும்.

இது பிசகினால் வெட்டும் ஒவ்வொரு துண்டும் அளவு தவறும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம். குறைந்தால் மோட்டார் ஸ்டெப்களைத் தவறவிடும். மிகுந்தால் மோட்டாரும் டிரைவரும் சூடேறும். மின்சாரம் ஓடும்போது மோட்டார் வயரைக் கழற்றினால் டிரைவரே எரிந்துபோகலாம்.

வேகத்தையும் முடுக்கத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டி, மோட்டார் திணறும் எல்லையைக் கண்டறிந்து, அதற்குக் கணிசமாகக் கீழே வைப்பதே பாதுகாப்பு. வெட்டுமுனை மரத்தைத் தொட்டதும் சுமை கூடுமே!