துகளின் பருமனல்ல, எண்ணிக்கையே ஆபத்து!

புதுதில்லி: கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று கேட்பது நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால், அதைச் சுமந்து செல்லும் துகள்கள் பெரியவையா, சிறியவையா என்ற விவாதம் மருத்துவ உலகில் 1980-களிலிருந்தே நடந்து வருகிறது. இந்தியர்களைப் பொறுத்தவரை, இது வெறும் ஆய்வகச் சர்ச்சை அல்ல.

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. எனவே, புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்துகள்களில் ஏறியே அது ரத்தத்தில் பயணிக்கிறது. இவற்றுள் எல்.டி.எல். துகள்கள் ரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கும்போது அங்கு கொழுப்புப் படிந்து, பாதை குறுகுகிறது.

சிறிய, அடர்த்தியான துகள்களை மிகுதியாகக் கொண்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் சுமார் 3 மடங்கு அதிகம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் மெலிசா ஆஸ்டின், ரொனால்டு கிராஸ் உள்ளிட்டோர் 1988-ல் அறிவித்தனர். அதன் மறுபக்கமாக, பெரிய துகள்கள் தீங்கற்றவை என்ற எண்ணமும் பரவியது.

இந்த எண்ணம் நிலைக்கவில்லை. துகள்களின் எண்ணிக்கையையும் கணக்கில் கொண்டபோது, பெரியவை, சிறியவை இரண்டுமே ஆபத்தானவை எனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. பரம்பரையாக எல்.டி.எல். மிகுந்திருக்கும் குடும்பங்களில் துகள்கள் பெரும்பாலும் பெரியவையே. ஆயினும், அவர்களுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வருகிறது.

அப்படியானால் சிறிய துகள் உணர்த்துவது என்ன? ஒரே எடையுள்ள சரக்கைச் சிறு வண்டிகளில் ஏற்றினால் வண்டிகளின் எண்ணிக்கை கூடும். அதுபோல, துகள்கள் சிறுத்திருந்தால், எல்.டி.எல். கொலஸ்ட்ரால் அளவு இயல்பாகத் தோன்றினாலும் துகள்கள் ஏராளமாக இருக்கக்கூடும். டிரைகிளிசரைடு உயர்ந்து எச்.டி.எல். குறைந்தவர்களிடம் இந்நிலை அதிகம் காணப்படுகிறது.

இந்தியாவில் பரவலாக உள்ளதும் இதுவே. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டீகரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான ஆய்வில், எல்.டி.எல். உயர்ந்திருந்தவர்கள் 11.8 சதவீதம் பேர்தான். டிரைகிளிசரைடு உயர்ந்திருந்தவர்கள் 29.5 சதவீதம், எச்.டி.எல். குறைந்திருந்தவர்கள் 72.3 சதவீதம். எல்.டி.எல்.லை மட்டும் பார்ப்போருக்கு இவர்களில் பலர் ஆரோக்கியமானவர்களாகவே தெரிவர்.

இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதற்கு எளிய வழி கூறுகின்றன. டிரைகிளிசரைடு 150-ஐத் தாண்டியவர்களுக்கு, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து வரும் தொகையையே இலக்காகக் கொள்ள வேண்டும் என்கின்றன. பொதுவானவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழும், இத்தொகை 130-க்குக் கீழும் இருக்க வேண்டும்.

உதாரணமாக, ஒருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 35, டிரைகிளிசரைடு 300 எனில், எல்.டி.எல். 95 என்றே கணக்கிடப்படும். அது நிம்மதி தரும். ஆனால், கழித்து வரும் தொகை 155. துகள்களை அளக்கும் விலையுயர்ந்த பரிசோதனை ஏதுமின்றி, சாதாரண அறிக்கையிலேயே இந்த எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது.

அந்தச் சாதாரணப் பரிசோதனை யாருக்குக் கிடைக்கிறது என்பதே இனி அரசியல் கேள்வி. தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தில், 30 வயது நிறைந்தோருக்கு உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வாய், மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் ஆகிய 5 நோய்களுக்கான பரிசோதனை வகுக்கப்பட்டது. இந்த ஐந்தில் கொலஸ்ட்ரால் இல்லை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாடின் மாத்திரையோ, 2022-ம் ஆண்டு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்று, விலை உச்சவரம்புக்கு உட்பட்டுள்ளது. மருந்தை எட்டும் விலையில் நிறுத்திய அரசு, அது யாருக்குத் தேவை என்று கண்டறியும் பரிசோதனையை இந்த ஐந்துக்கு வெளியே விட்டிருக்கிறது. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பினும், தேசியத் திட்டத்தின் வரையறையை வகுப்பது மத்திய அரசே. ஆறாவது பரிசோதனைக்கு இடமளிப்பதும் அதன் கையில்தான் இருக்கிறது.