பக்கவாட்டு வாசலில் வந்தவர்

ரேஷன் கடையில் அந்த அம்மா விரலை வைக்கிறார். இயந்திரம் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைக்கிறார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார். செங்கல் சூளையிலும் நாற்றங்காலிலும் தேய்ந்துபோன ரேகை அது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். நம் சேரிகளில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் குறைவு.

அந்த இயந்திரம் கேட்கும் 12 இலக்க எண்ணை நாட்டுக்குக் கொண்டுவந்தவர் நந்தன் நிலேகனி. கம்பெனி நடத்தியவர் அரசுக்குள் வந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் வாழ்க்கையைத் தொடும் ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, மறுபடி கம்பெனிக்கே போனார். அவர் வந்த வழியை நம் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

1955-ல் பெங்களூரில் பிறந்தவர். தந்தை பஞ்சாலை ஒன்றில் மேலாளர். மும்பை ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்து 1978-ல் வெளியே வந்தார். ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இட ஒதுக்கீடு தொடங்கியதே 1973-ல்தான். அதாவது, அவருடைய தலைமுறையில் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு அப்போதுதான் கொஞ்சம் திறந்திருந்தது. தனியார் கம்பெனிகளில் அதுவும் இல்லை, இன்றுவரை இல்லை.

படிப்பு முடிந்ததும் பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரை நேர்காணல் செய்து எடுத்தவர் நாராயணமூர்த்தி. 1981-ல் இருவரும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து இன்ஃபோசிஸைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தருவது, எந்தக் கணினி அமைப்பை எப்படிப் போடுவது என்று ஆலோசனை சொல்வது, இதுதான் தொழில். 2002 முதல் 2007 வரை நிலேகனி அதன் தலைமைச் செயல் அதிகாரி.

2009-ல் மன்மோகன் சிங் அரசு அவரை அழைத்தது. இந்திய தனித்துவ அடையாள ஆணையத்தின் தலைவர் பதவி, கேபினட் அமைச்சர் அந்தஸ்து. தேர்வு எழுதவில்லை, தேர்தலில் நிற்கவில்லை. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் தெம்ப்லி என்ற பழங்குடி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. 2014-ல் பதவியை விட்டு காங்கிரஸ் வேட்பாளராக பெங்களூரு தெற்கில் நின்று தோற்றார். 2017-ல் இன்ஃபோசிஸுக்கே தலைவராகத் திரும்பினார்.

அவர் செய்த வேலையில் நல்லது இல்லையா? இருக்கிறது. பிறப்புச் சான்றும் பட்டாவும் இல்லாத மனிதருக்கு, 'நான் இருக்கிறேன்' என்று காட்ட ஒரு எண் கிடைத்தது. உதவித்தொகை நேராக மாணவர் கணக்குக்கு வருகிறது. பிழைக்கப் போன ஊரிலும் ரேஷன் வாங்க முடிகிறது. சாதி, மதம் கேட்கக் கூடாது என்று 2016-ன் ஆதார் சட்டமே சொல்கிறது.

ஆனால் முகவரி கேட்கிறதே! 'காலனி' என்று ஒரு சொல் அதில் இருந்தால் போதும், சாதிக்குத் தனிக் கட்டம் தேவையில்லை. வீடு வாடகைக்குக் கேட்டுப்போய் ஆதாரை நீட்டியவர்களுக்கு இது தெரியும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

விரல் ரேகை கதையும் இதேதான். மேசை வேலை செய்பவரின் விரலும் மண் வேலை செய்பவரின் விரலும் ஒன்றல்ல. ரேகை விழாவிட்டால் கருவிழி, ஓடிபி என்று மாற்று வழிகள் உண்டு. ஆனால் அந்த வழி இருப்பதைக் கடையில் யாராவது சொல்ல வேண்டுமே. மாணவர்களுக்கு ஒரு விஷயம்: ஆதார் எண்ணைக் கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் இணைத்தீர்களோ, உதவித்தொகை அந்தக் கணக்குக்குத்தான் போகும். பணம் வரவில்லை என்று கல்லூரி அலுவலகத்துக்கு அலைவதற்கு முன் அதைப் பாருங்கள். சாதிச் சான்றிதழில் இனிஷியல் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் உடனே திருத்திவிடுங்கள்.

திட்டம் போட்ட அறையில் அந்தச் செங்கல் சூளை வீட்டிலிருந்து படித்து வந்த ஒரு பொறியாளர் இருந்திருந்தால், தேய்ந்த விரலைப் பற்றிய கேள்வி முதல் நாளே எழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த அறைக்குள் யார் போவது என்ற கேள்வி 2024 ஆகஸ்டில் வெடித்தது. மத்திய அரசில் இணைச் செயலாளர், இயக்குநர், துணைச் செயலாளர் பதவிகள் 45-க்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுக்க மத்தியப் பணியாளர் தேர்வாணையம் விளம்பரம் செய்தது. தனியார் நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இட ஒதுக்கீடு இல்லை.

எப்படி இல்லாமல் போகும்? கணக்கு எளிது. 45 இடங்களை ஒன்றாக வைத்தால் பட்டியல் சாதிக்கு 15 சதவீதப்படி 6 இடமாவது வரும், பழங்குடிக்கு 7.5 சதவீதப்படி 3 இடம் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பதவி என்று பிரித்துவிட்டால், ஒற்றை இடத்தை யாருக்கும் ஒதுக்க முடியாது. நாற்பத்தைந்தும் பொது. ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து, பங்கு போட எதுவும் இல்லை என்று கையை விரிப்பது மாதிரி.

எதிர்க்கட்சிகளோடு ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. மூன்றே நாளில், ஆகஸ்ட் 20-ல், விளம்பரத்தை ரத்து செய்யச் சொல்லி மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் தேர்வாணையத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். சமூக நீதியைக் காரணமாகச் சொன்ன அந்தக் கடிதம், முந்தைய ஆட்சியிலும் இட ஒதுக்கீடு இல்லாமல் இப்படி ஆள் எடுத்தார்கள் என்பதற்கு உதாரணமாக அடையாள ஆணையத்தின் தலைமைப் பதவியைக் குறிப்பிட்டது. பெயர் சொல்லாவிட்டாலும் யாரைச் சொல்கிறது என்று படித்தவர்களுக்குப் புரிந்தது.

விளம்பரம் போனது. ஆனால் 2018-ல் தொடங்கி அதே வழியில் 63 பேர் நியமிக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசே சொல்லியிருக்கிறது. அவர்களில் ஒருவருடைய நியமனத்துக்கும் இட ஒதுக்கீடு பின்பற்றப்படவில்லை.